ஓடும் வீட்டுக்கு வானத்திலிருந்து தொலைக்காட்சி

மொட்டை மாடியில் பொருத்திய டிஷ் ஆண்டெனாவை நாம் ஒரே ஒரு முறைதான் திருப்பி வைக்கிறோம். திருகுகளை இறுக்கிய பிறகு ஆண்டுக்கணக்கில் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. வீடு நகர்வதில்லை; வானத்தில் அந்த டிஷ் நோக்கும் துணைக்கோளும் நகர்வதாகத் தெரிவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடியே இருக்கின்றன. ஆனால் வீடே சக்கரத்தின்மேல் ஏறி ஊர் ஊராகப் போகத் தொடங்கினால், அதற்குத் தொலைக்காட்சி எப்படிக் கிடைக்கும்?

சக்கர வீடுகள் நமக்கு அறிமுகமானவையே. படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியைக் 'கேரவன்' என்று நம் ஊர்ப் பிள்ளைகளும் சொல்வார்கள். தர்மபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லுக்குப் படப்பிடிப்புக் குழுக்களும் சுற்றுலாப் பயணிகளும் நெடுங்காலமாக வந்துபோகின்றனர். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட வண்டி வீடுகளுள் மிகப் பழையது 'வாண்டரர்'. 1885 ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் தமக்காகக் கட்டுவித்த குதிரை வண்டி அது. அதில் படுக்கையும் அடுப்பும் புத்தகமும் இருந்தன. வானொலி அன்று பிறந்திருக்கவில்லை. அதிலிருந்து இன்றைய வண்டியின் கூரைமேல் டிஷ் ஏறிய கதை, விண்வெளி அறிவியலின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. அக்கதையில் நம் மலைக்கிராமங்களுக்கும் பங்கு உண்டு.

நிற்பது போல் ஓடும் கோள்

1945 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' என்ற ஆங்கில இதழில் ஆர்தர் கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளைச் சுற்றவிட்டால், பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிக்கும் என்று அவர் சுட்டிக்காட்டினார். அப்போது பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே புள்ளியில் நிற்பது போலத் தோன்றும். வானத்தில் நாட்டிய உயரமான கம்பம் போல அது பயன்படும்.

இத்தகைய கோளை நோக்க இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்பது. மற்றொன்று, தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயர நோக்க வேண்டும் என்பது. இதை ஏற்றக் கோணம் என்பர். இவை இடத்துக்கு இடம் மாறும். எடுத்துக்காட்டாக, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவை 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள கோளிலிருந்து வருகிறது. தர்மபுரியிலிருந்து அதைப் பிடிக்கத் தெற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 53 டிகிரி திரும்பி, 67 டிகிரி உயர நோக்க வேண்டும். கன்னியாகுமரியில் இவை 64 டிகிரியும் 69 டிகிரியும் ஆகும். டில்லிக்குப் போனாலோ 31 டிகிரி திரும்பி, 52 டிகிரி மட்டுமே உயர நோக்க வேண்டும். வீட்டில் இருப்பவருக்கு இக்கணக்கு ஒரு நாள் வேலை. வண்டியில் போகிறவருக்கோ நிறுத்தும் இடம்தோறும் புதிய கணக்கு.

கோழிவலை ஆண்டெனா

துணைக்கோளிலிருந்து நேரடியாகச் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி தருவதை உலகில் முதன்முதலாகப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு இந்தியா. டாக்டர் விக்ரம் சாராபாயின் முயற்சியால் 1969 செப்டம்பர் 18 அன்று நம் அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசா நிறுவனமும் இதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சாராபாய் 1971 இறுதியில் மறைந்தார். ஆனால் திட்டம் நிற்கவில்லை. 1974 மே 30 அன்று விண்ணில் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்-6 என்னும் துணைக்கோள், மறு ஆண்டு 35 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நகர்த்தப்பட்டது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டு காலம், ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள் அதன் வழியே தொலைக்காட்சி பார்த்தன. 'சைட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இச்சோதனையில் காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும் மாலையில் ஊராருக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின.

கிராமத்தில் இருந்த கருவி எளிமையானது. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் ஆன 3 மீட்டர் அகல டிஷ், அலையை மாற்றித் தரும் ஒரு சிறு பெட்டி, ஐதராபாத்து எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் தயாரித்த தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவையே. கம்பி வலையில் ஓட்டைகள் இருக்கின்றனவே, அலை ஒழுகிப் போகாதா என்று வாசகர் கேட்கலாம். அக்கோள் அனுப்பிய அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஓட்டைகள் அலையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே வலையும் தகடும் அதற்கு ஒன்றே.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அக்காலத்துத் தர்மபுரி மாவட்டம் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் உள்ளடக்கியது. சோதனையில் பங்கேற்ற கர்நாடகம், ஆந்திரம் ஆகிய இரண்டு மாநிலங்களின் எல்லைகளையும் அது தொட்டுக்கொண்டிருந்தது. சோதனை தொடங்கிய இரண்டு வாரங்களில், 1975 ஆகஸ்டு 15 அன்று, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் அதன் கோபுரத்துக்கும் தர்மபுரிக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவும் மலைகளும் இருந்தன. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை மலைக்குப் பின்னால் வளைந்து இறங்காது.

இன்னொரு செய்தி சிந்திக்கத் தக்கது. கொழும்பில் வாழ்ந்துவந்த ஆர்தர் கிளார்க்கின் வீட்டில் இந்தியப் பொறியாளர்கள் ஒரு டிஷ்ஷைப் பொருத்தித் தந்தனர். தாம் எழுதிய கனவை அவர் தம் வீட்டிலேயே கண்டார். கொழும்பை எட்டிய அலை தர்மபுரியைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? வறட்சிக்குப் பெயர்போன அம்மாவட்டத்தின்மேல் ஓராண்டு முழுவதும் அந்த மழை பெய்தது. ஏந்துவதற்குத்தான் பானை இல்லை. துணைக்கோள் அலை எல்லைக்கோடு பார்ப்பதில்லை. ஏந்தும் கருவி உள்ள இடத்தில்தான் அது பயனாகிறது.

வண்டியில் ஏறிய முதல் நிலையங்கள்

டிஷ்ஷை நகரும் பொருள்மேல் ஏற்றும் தேவை முதலில் கடலில் எழுந்தது. 1976 இல் ஏவப்பட்ட மாரிசாட் துணைக்கோள்கள் கப்பல்களுக்குத் தொலைபேசி வசதி அளித்தன. ஆடும் தளத்தின்மேல் இருந்தாலும் டிஷ் கோளையே பார்த்துக்கொண்டிருக்கும்படி சுழல்மானி என்னும் கருவி அதை ஓயாமல் திருத்தியது. காற்றும் உப்பு நீரும் படாமல் காக்க அதன்மேல் முட்டை ஓடு போன்ற கவிகை மூடப்பட்டது. இன்று சொகுசு வண்டிகளின் கூரையில் காணும் வெள்ளைக் கவிகை அந்தக் கப்பல் கவிகையின் வழித்தோன்றலே.

நம் நாட்டில் 1977 முதல் 1979 வரை, பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து உருவாக்கிய சிம்பொனி துணைக்கோளைக் கொண்டு 'ஸ்டெப்' என்ற சோதனை நடந்தது. அகமதாபாத், டில்லி, சென்னை ஆகிய ஊர்களில் இருந்த பெரிய நிலையங்களோடு, வேண்டிய இடத்துக்குக் கொண்டு செல்லக்கூடிய சிறு நிலையங்களும் இச்சோதனையில் இயக்கப்பட்டன. கம்பி எட்டாத இடங்களுக்கும் பேரிடர்க் காலங்களுக்கும் பயன்படுவதே அவற்றின் நோக்கம். அடுத்து 1981 ஜூன் 19 அன்று ஏவப்பட்ட ஆப்பிள் துணைக்கோளின் ஆண்டெனாவைப் பெங்களூரில் சோதித்தபோது, அலையைக் குழப்பாத மேடை ஒன்று தேவைப்பட்டது. உலோகப் பரப்பு அலைகளைத் திருப்பியடிக்கும். எனவே மரத்தாலான மாட்டு வண்டியின்மேல் கோளை ஏற்றிச் சோதித்தனர். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. ஏழ்மையின் அடையாளம் என்று சிலர் அதை எண்ணினாலும், வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு இயற்பியல் காரணம் இருந்தது.

1983 ஆகஸ்டு 30 அன்று ஏவப்பட்ட இன்சாட்-1பி, நாடெங்கும் தரைக் கோபுரங்களுக்கு நிகழ்ச்சிகளை எடுத்துச் சென்றது. கோபுரங்கள் பெருகின. ஆனால் ஓடும் வண்டிக்கு அதனாலும் பயனில்லை. ஒரு கோபுரத்தின் எல்லையைத் தாண்டினால் படம் மறைந்துவிடும். நம் நெடுஞ்சாலைகளில் 'வீடியோ கோச்' என்ற பெயரோடு ஓடிய பேருந்துகள் ஒலிபரப்பை நம்பாமல் ஒளிநாடாவை ஏற்றிச் சென்றதன் காரணம் இதுவே.

தட்டு சுருங்கிய விதம்

1991 இல் ஆசியாசாட்-1 வழியே ஸ்டார் தொலைக்காட்சி வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. அந்த அலைகளைப் பிடிக்க 8 முதல் 12 அடி அகலமுள்ள டிஷ்கள் தேவைப்பட்டன. கேபிள் நடத்துவோர் அவற்றை நட்டு, கம்பி வழியே வீடுகளுக்குக் கொடுத்தனர். கம்பி இழுக்கக் கட்டுப்படியாகும் இடத்தோடு கேபிள் நின்றது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளில் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் குடியிருப்புகளும், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியும் இந்த வகையில் ஒரே நிலையில் இருந்தன. இரண்டுக்கும் கம்பி எட்டாது. இரண்டுக்கும் வேண்டியது, தனக்கென ஒரு சிறிய டிஷ்.

சிறிய டிஷ் எப்படிச் சாத்தியமாயிற்று? டிஷ் என்பது அலையை ஏந்தும் பாத்திரம். 3 மீட்டர் டிஷ்ஷோடு ஒப்பிட்டால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்கே. இந்தக் குறையை மூன்று முன்னேற்றங்கள் ஈடுசெய்தன. முதலாவது, கோளின் ஆற்றல் கூடியது. ஏ.டி.எஸ்-6 சைட் சோதனைக்கு 80 வாட் ஆற்றலில் ஒளிபரப்பியது. 2005 டிசம்பரில் ஏவப்பட்ட இன்சாட்-4ஏ கோளின் குறுக்கலைப் பெருக்கிகள் ஒவ்வொன்றும் 140 வாட். இரண்டாவது, டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற பெருக்கி, தன்னுள் எழும் இரைச்சலை மிகக் குறைத்துக்கொண்டது. மூன்றாவது, எண்முறை ஒளிபரப்பு. தேய்ந்த குறிப்பிலிருந்தும் முழுப் படத்தை மீட்டுத் தரும் வல்லமை அதற்கு உண்டு.

அலைநீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. டிஷ் எவ்வளவு குறுகிய கோணத்தில் பார்க்கிறது என்பது, அலைநீளத்தை டிஷ்ஷின் அகலத்தால் வகுத்து 70 ஆல் பெருக்கினால் ஏறத்தாழத் தெரியும். 35 சென்டிமீட்டர் அலைக்கு 60 சென்டிமீட்டர் டிஷ் வைத்திருந்தால் அதன் பார்வை 40 டிகிரிக்கு விரிந்து, பல கோள்களின் அலைகளை ஒன்றாகக் குழப்பியிருக்கும். இன்று பயன்படும் அலையின் நீளமோ 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே டிஷ்ஷின் பார்வை 3 டிகிரி அளவுக்குக் குறுகி, ஒரே கோளை மட்டும் பார்க்கிறது.

பிரிட்டனில் 1989 இல் அஸ்ட்ரா துணைக்கோள் வழியே ஸ்கை தொலைக்காட்சி தொடங்கியபின் அங்கே சிறு டிஷ்கள் வீடுகளில் பரவின; வண்டி வீட்டாரும் அவற்றை எடுத்துச் செல்லத் தொடங்கினர். இந்தியாவில் 2003 இல் டிஷ் டி.வி.யும், 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் சேவையும், 2007 இல் சன் டைரக்டும் வந்தன. கம்பி எட்டாத வீட்டுக்கும் வண்டிக்கும் ஒரே நேரத்தில் வழி திறந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வண்டிக்கான அமைப்புகள் நான்கு வகை. முதல் வகை, தரையில் வைக்கும் முக்காலியும் டிஷ்ஷும். விலை குறைவு. வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு டிஷ்ஷை வெட்டவெளியில் வைக்கலாம். காற்றில் சாயாமல் இருக்க முக்காலியின் நடுவே ஒரு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். இரண்டாம் வகை, கூரையில் நிலையாகப் பொருத்தி, உள்ளிருந்து கைப்பிடியால் உயர்த்தித் திருப்புவது. மூன்றாம் வகை, மோட்டார் தானே கோளைத் தேடிப் பிடிப்பது. நான்காம் வகை, கவிகைக்குள் இருந்து ஓட்டத்திலும் கோளை விடாமல் தொடர்வது. பின்னிரண்டும் விலை மிகுந்தவை. வண்டியின் மின்கலத்தையும் உண்பவை. இரவில் நிறுத்தி வைத்துப் பார்ப்பவருக்கு முதலிரண்டு வகைகளே போதும்.

எந்த வகையாயினும், நாம் போகும் இடமெல்லாம் கோளின் ஒளிபரப்பு விழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் ஒளிபரப்புகள் சில ஆண்டுகளுக்கு முன், அந்நாட்டை மட்டும் இலக்காகக் கொண்ட குறுகிய அலைக்கற்றைக்கு மாறின. குளிர்காலத்தைத் தெற்கு ஸ்பெயினில் கழித்துவந்த வண்டி வீட்டார் பலர், அதுவரை கண்ட நிகழ்ச்சிகளைத் தங்கள் சிறு டிஷ்களில் இழந்தனர். நம் நாட்டுச் சேவைகள் இந்தியா முழுவதும் விழுவதால் இங்குள்ள பயணிக்கு அக்கவலை இல்லை. மாதக் கட்டணம் வேண்டாதவர் ஃப்ரீ டிஷ்ஷைத் தேரலாம். டிடி தமிழ் அதில் கிடைக்கும்.

எப்படிப் பொருத்துவது?

மற்றொரு வகையிலும் நாம் கொடுத்து வைத்தவர்கள். லண்டனில் டிஷ் 25 டிகிரி உயரமே நோக்குகிறது. 10 மீட்டர் மரம் ஒன்று அங்கே மறைக்காமலிருக்க, டிஷ் அதிலிருந்து 21 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தர்மபுரியில் 67 டிகிரி உயர நோக்குவதால் 4 மீட்டருக்குச் சற்று அதிகமாக விலகினாலே போதும். சென்னைக் கோபுரத்தின் அலையை மறைத்த மலைகள், ஏறத்தாழத் தலைக்கு மேலிருந்து இறங்கும் இந்த அலையை மறைப்பது அரிது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. வண்டியின் இரும்புக் கூடு திசைகாட்டியின் முள்ளை ஏமாற்றும். ஆகவே பல அடி தள்ளி நின்று திசை பார்க்க வேண்டும். டிஷ்ஷின் பார்வை 3 டிகிரியே என்பதால், கூரையில் பொருத்தியிருந்தால் வண்டி சரிவில் சாய்ந்து நிற்பதும் படத்தைக் கெடுக்கும். சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்து முதலில் வண்டியைச் சமன்செய்ய வேண்டும். பிறகு ஏற்றக் கோணத்தை வைத்து இறுக்கி, தெற்கிலிருந்து கிழக்காக மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். எண்முறைப் பெட்டி குறிப்பை அறிந்துகொள்ளச் சில விநாடிகள் பிடிக்கும். அவசரமாகத் திருப்பினால் கோளைத் தாண்டிவிடுவோம்.

கூரையில் துளையிட்டால் நீர் புகாத பசையால் அடைக்க வேண்டும். கேபிள் நுழையும் இடத்தில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி ஒரு வளைவு விட வேண்டும். தொலைக்காட்சிக்குத் தனி மின்கலம் வைத்தால் காலையில் வண்டி கிளம்பாமல் தவிக்க நேராது. புறப்படுமுன் டிஷ்ஷை மடக்கியாக வேண்டும். இறுதியாக, கனமழை கொட்டினால் படம் சற்று நேரம் மறையும். குறுகிய அலையை மழைத்துளிகள் விழுங்குவதால் நேர்வது இது. பொருத்தியதில் உள்ள குறையன்று.

தொப்பூர்க் கணவாயின் வளைவுகளில் ஓடும் பேருந்தில் கூரை டிஷ் வேலை செய்யாததன் காரணமும் இப்போது விளங்கும். ஒவ்வொரு வளைவிலும் வண்டி திசை மாறுகிறது. 3 டிகிரிப் பார்வை கோளைவிட்டு நழுவுகிறது. நான்காம் வகை அமைப்பு மட்டுமே அங்கே ஈடுகொடுக்கும்.

பொழுதுபோக்குக்கு அப்பால்

டிஷ் ஏறிய வண்டி தமிழ்நாட்டில் செய்த உயர்ந்த பணி மருத்துவத்தில்தான். 2003 ஆம் ஆண்டில் சென்னைச் சங்கர நேத்ராலயா, இஸ்ரோவின் துணையோடு கண் பரிசோதனைப் பேருந்தை இயக்கத் தொடங்கியது. பேருந்து சிற்றூரில் நிற்கும். கூரை டிஷ் கோளை நோக்கித் திருப்பப்படும். கிராமத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியின் கண்ணைச் சென்னையிலிருக்கும் மருத்துவர் பார்த்துப் பேசுவார். 2006 இல் சுனாம்பேடு வட்டாரத்தில் நீரிழிவு நோயைக் கண்டறியவும் இத்தகைய வண்டி சென்றது. இந்த டிஷ்கள் அலையைப் பெறுவதோடு அனுப்பவும் வேண்டும். சற்றே தவறினாலும் பக்கத்துக் கோளின் வேலையைக் கெடுக்கும் என்பதால், குறிவைக்கும் துல்லியம் இங்கே இன்னும் முக்கியம்.

இன்று கைப்பேசியிலேயே தொலைக்காட்சி ஓடுகிறது. கைப்பேசிக் கோபுரத்தின் அலை இறங்காத பள்ளங்களிலும் மலை மடிப்புகளிலும் இன்னமும் துணைக்கோளே துணை. 1975 இல் தர்மபுரியின்மேல் விழுந்த அலைக்கும் இன்று விழும் அலைக்கும் இடையில், பாத்திரம் 3 மீட்டரிலிருந்து 60 சென்டிமீட்டராகச் சிறுத்து, ஒருவர் தோளில் தூக்கிச் செல்லும் அளவுக்கு வந்துவிட்டது. மலையூர்ப் பள்ளிக்கூடத்தின் கூரையிலோ, அவ்வூருக்கு வரும் மருத்துவ வண்டியின் கூரையிலோ அதை ஏற்றி, சரியான திசையில் நிறுத்தி, பழுதானால் சீர்செய்யும் ஆள் ஒருவர் உள்ளூரிலேயே வேண்டும். திசைகாட்டியும் கோணமானியும் பிடிக்கத் தெரிந்த மாணவர் எவரும் அந்த ஆளாகலாம்.